துருவத்துக்கு நடந்து போகிறவருக்கு 60 நாள் சாப்பாடு: நம்ம ஊர்ப் பொருள் எதெல்லாம் தாங்கும்?

கெடிலக்கரை | மஞ்சக்குப்பம், கடலூர் | வெள்ளி இரவு 9.10

எங்கள் வாசகர் வட்டம் டிசம்பர் கடைசியில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறது. எனக்கு ஒதுக்கிய மேசைக்குத் தலைப்பு துருவப் பயணம். பென்குவின் படம் ஒட்டிவிட்டு உட்கார எனக்கு இஷ்டமில்லை. ஒரு ஆளின் சாப்பாட்டு மூட்டையை நிஜமாகவே எடை போட்டு வைக்க வேண்டும், அதுவும் கடலூர் கடைத்தெருவில் கிடைக்கிற பொருளை வைத்து.

பயணம் இதுதான். அண்டார்க்டிகாவில் ஹெர்குலஸ் இன்லெட் என்ற கரையோர இடத்திலிருந்து தென்துருவம் வரை, ஏறத்தாழ 1,130 கி.மீ. நாலு பேர். காலில் பனிச்சறுக்குப் பலகை, இடுப்பில் கட்டி இழுக்க ஆளுக்கொரு சறுக்குவண்டி. நடுவில் யாரும் சாமான் கொண்டுவந்து போடமாட்டார்கள். 60 நாள்.

என் முதல் பட்டியல்: அரிசி, துவரம்பருப்பு, கருவாடு, நெய், கடலை மிட்டாய், புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், டீத்தூள், சர்க்கரை. தயங்காமல் குறை சொல்லுங்கள்.

பண்ருட்டி_தோப்பு | பண்ருட்டி | வெள்ளி இரவு 9.24

டீச்சர், முந்திரி இல்லாமல் ஒரு பட்டியலா? கடலூர் மாவட்டத்துக்காரர் போட்ட பட்டியல் என்று வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

முத்தியால்பேட்டை_டயட் | புதுச்சேரி | வெள்ளி இரவு 10.02

நான் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். அங்கே பெரும்பாலும் கலோரியைக் குறைப்பதுதான் வேலை, கூட்டச் சொல்லி யாராவது கேட்டால் சந்தோஷமாக இருக்கிறது.

குளிரில் நாள் முழுக்கச் சுமை இழுக்கும் ஆளுக்கு 6,000 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும். வீட்டில் இருக்கும் நமக்கு 2,000 சொச்சம். மூன்று மடங்கு சோறு சாப்பிட வயிறு இடம் கொடுக்காது, சுமக்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு கிராமிலும் எத்தனை கலோரி என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மாவுச்சத்து, புரதம் இரண்டும் கிராமுக்கு 4, கொழுப்பு 9. அரிசி 100 கிராமில் சுமார் 350, முந்திரி 580 பக்கம், நெய் 900.

உங்கள் பட்டியலில் அரிசி தலையில் உட்கார்ந்திருக்கிறது, நெய் நாலாவது இடத்தில். தலைகீழாக்குங்கள். பண்ருட்டிக்காரர் கேட்பதும் நியாயம்தான்.

பண்ருட்டி_தோப்பு | வெள்ளி இரவு 10.05

அக்கா வாழ்க.

ஓடி_விசைப்படகு | கடலூர் முதுநகர் | வெள்ளி இரவு 11.31

எல்லாம் சரி. எண்ணெய் எங்கே?

சமையல் எண்ணெயைக் கேட்கவில்லை, அடுப்பெரிக்கிற எண்ணெய். ஒருத்தரும் எழுதவில்லை. எங்கள் படகு நாலைந்து நாள் தங்கலுக்குக் கிளம்பினால் முதலில் டீசல், ஐஸ், குடிதண்ணீர். அரிசி, புளி, வத்தல் எல்லாம் கடைசியில் யாராவது ஒரு பையன் ஓடிப்போய் வாங்கி வருவான். துருவத்தில் தண்ணீர் டிரம் எடுத்துப்போக முடியாது, போனால் ஐஸ் டிரம்தான். சுற்றிலும் பனி, குடிக்க ஒரு சொட்டு இல்லை. அடுப்பு எரிந்தால்தான் தண்ணீர்.

கணக்குப் போட்டேன். −30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை 0 டிகிரிக்குக் கொண்டுவர 15 கிலோ கலோரி. உருக்க 80. அதை 90 டிகிரி வரை சுட வைக்க இன்னொரு 90. மொத்தம் 185. குடிக்க, சமைக்க, ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைக்க என்று ஆளுக்கு நாலு லிட்டர் வைத்தால் 740. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 8,300 இருக்கிறது. அப்படியானால் 90 மி.லி. போதும் என்று புத்தகம் சொல்லும். காற்றிலும் பாத்திரத்திலும் பாதி சூடு போய்விடும், 180 ஆகும். கொட்டினது, சிந்தினது, புயலில் கூடாரத்துக்குள் முடங்கிய நாள் எல்லாம் சேர்த்து 250 வையுங்கள். 60 நாளைக்கு ஆளுக்கு 15 லிட்டர், எடை 12 கிலோ.

இனி அரிசியைப் பாருங்கள். சோறு வேக 20 நிமிஷம் அடுப்பு எரியணும். அவல் வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும். எடையும் கலோரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அரிசி எண்ணெய் குடிக்கும். பருப்பு இன்னும் மோசம். துருவம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில், அங்கே தண்ணீர் 90 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு வேகவே வேகாது, குக்கரைச் சுமக்கணும்.

என் கட்சி இதுதான்: ஒவ்வொரு சாமானும் எவ்வளவு எண்ணெய் கேட்கிறது என்று பார்த்துவிட்டு மூட்டையில் போடுங்கள்.

வில்லியனூர்_வெயில் | புதுச்சேரி | சனி காலை 6.48

சின்ன சந்தேகம் அண்ணா. அடுப்பே வேண்டாம், பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டால் ஆகாதா? கேஸ் அடுப்பு எடுத்துப்போனால்தான் என்ன?

ஓடி_விசைப்படகு | சனி காலை 7.15

அந்தப் பனியை உருக்கிச் சூடாக்கும் அடுப்பு அப்புறம் உன் உடம்புதான் தம்பி. ஒரு லிட்டருக்கு 130 கிலோ கலோரி பக்கம் போகும். நாலு லிட்டர் என்றால் 500க்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 60 கிராம் நெய். உதடு, நாக்கு வெந்துபோவது தனி.

கேஸில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும். பியூட்டேன் −0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, சிலிண்டருக்குள்ளேயே திரவமாகக் கிடக்கும். புரோபேன் −42 வரை வரும், அதற்குக் கெட்டியான கனத்த சிலிண்டர் வேண்டும். அதனால்தான் அங்கே இன்றைக்கும் பம்ப் அடிக்கிற அடுப்பு. நம்ம வீட்டுப் பழைய பம்ப் ஸ்டவ்வும் அதுவும் ஒரே ஜாதி.

பழைய_பேப்பர் | திருப்பாதிரிப்புலியூர் | சனி காலை 10.40

> எல்லாம் சரி. எண்ணெய் எங்கே?

இதே கேள்வியைத்தான் 1912 மார்ச்சில் பிரிட்டிஷ் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டும் கேட்டார். விவரமாக எழுதுகிறேன், ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருக்கிறது.

நார்வேக்காரர் அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14 அன்று துருவத்தைத் தொட்டார். ஸ்காட்டும் மற்ற நால்வரும் 1912 ஜனவரி 17 அன்று போய்ச் சேர்ந்து, நார்வேக் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும் வழியில் முன்பே சேமித்து வைத்த கிடங்குகள் இருந்தன. பனியைக் குவித்து மேடு கட்டி, அதில் உணவும் மண்ணெண்ணெய் டின்னும் வைத்திருப்பார்கள். பெரும்பாலான கிடங்குகளில் உணவு ஏறக்குறைய வைத்தபடியே இருந்தது. டின்னைத் திறந்தால் எண்ணெய் குறைவு. 

காரணம் திருகு மூடியின் அடியில் இருந்த தோல் வாஷர். கடுங்குளிரில் தோல் இறுகிச் சுருங்கியது. டின்கள் மேட்டின்மேல் வெயில் படும்படி இருந்ததால் எண்ணெய் ஆவியாகி அந்த இடுக்கு வழியே கசிந்தது என்பார்கள். அமுண்ட்சன் இதை எதிர்பார்த்து டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து எடுத்துச் சென்றார்.

ஸ்காட் உயிர்விட்ட கடைசிக் கூடாரத்திலிருந்து ‘ஒரு டன் கிடங்கு’ என்ற பெரிய கிடங்கு 18 கி.மீ. தூரம்தான். அந்தக் கிடங்கை 80 டிகிரி தெற்கு அட்சரேகையில் வைப்பதாக இருந்து, குதிரைகள் தளர்ந்துபோனதால் அதற்கு வடக்கிலேயே 79 டிகிரி 29 நிமிடத்தில் வைத்துவிட்டார்கள். மார்ச் 29 நாட்குறிப்பில் ஸ்காட், புயலில் சிக்கியபோது கையிலிருந்தது தலைக்கு இரண்டு கோப்பை டீ போட எரிபொருளும், இரண்டு நாளுக்கு மட்டான உணவும் என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றாகவே தீர்ந்தன. எண்ணெய் குறைந்ததால் வெந்நீர் குறைந்தது, ஈரத்துணி காயவில்லை, நடை தளர்ந்தது, நடை தளர்ந்ததால் உணவு அடுத்த கிடங்குவரை வரவில்லை. விசைப்படகுத் தம்பியின் கட்சியில் எனக்கும் ஒரு உறுப்பினர் அட்டை.

ஓடி_விசைப்படகு | சனி பகல் 12.20

ஐயா, தோல் வாஷர் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. பம்ப் ஸ்டவ்வில் பம்ப் தண்டின் அடியில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். கொஞ்ச நாள் அடுப்பு சும்மா கிடந்தால் அது காய்ந்து சுருங்கிவிடும். எத்தனை பம்ப் அடித்தாலும் காற்று ஏறாது, தண்டு லொடலொடவென்று போய் வரும். கழற்றி எடுத்து நல்லெண்ணெயில் ஊறப்போட்டு, விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி விரித்து விட்டு மாட்டினால் ‘கிச்’ என்று பிடிக்கும். எங்கள் ஓ.டி.யில், அதாவது முதுநகரில், வெயில் கொளுத்தும்போதே இந்தக் கதி. −40இல் தோலைக் கொண்டுபோய் மூடிக்குப் போட்டால்?

டீச்சர், மேசையில் அந்த வாஷரை வையுங்கள். நான் ஒன்று தருகிறேன். ஒரு ரூபாய் சாமான்தான்.

முத்தியால்பேட்டை_டயட் | சனி மாலை 4.05

கொஞ்சம் நில்லுங்கள். எண்ணெய்க் கட்சி ஆட்சியைப் பிடிக்கும் முன் எதிர்க்கட்சியும் பேச வேண்டும்.

துருவத்தைச் சுற்றியுள்ள பீடபூமிக்கு ஸ்காட் குழு வைத்த ரேஷன் தலைக்கு ஒரு நாளுக்கு பிஸ்கட் 450 கிராம், பெமிகன் 340, சர்க்கரை 85, வெண்ணெய் 57, கொஞ்சம் கோகோ, டீ. சுமார் 4,500 கிலோ கலோரி. அவர்கள் இழுத்த இழுப்புக்கு 6,000க்கு மேல் தேவை. டின் ஒழுகாமல் இருந்திருந்தாலும் தினம் 1,500க்கு மேல் பாக்கி விழுந்துகொண்டே இருந்திருக்கும். மாதக்கணக்கில் அந்தப் பாக்கியை உடம்பு தன் தசையை எரித்து அடைக்கும்.

எரிபொருள் பஞ்சமே இல்லாத ஒரு பயணத்தைப் பாருங்கள். 1992-93இல் ரனல்ஃப் ஃபைன்ஸ், மைக் ஸ்ட்ரவுட் இருவரும் அண்டார்க்டிகாவின் குறுக்கே வண்டி இழுத்து நடந்தார்கள். ஸ்ட்ரவுட் டாக்டர், தங்கள் உடம்பையே ஆராய்ச்சிக்கு வைத்தார். தினம் 5,000க்கு மேல் சாப்பிட்டார்கள். பீடபூமியில் ஏறிய சில நாட்களில் செலவு 10,000ஐத் தாண்டியது. இருவரும் 20 கிலோவுக்கு மேல் இளைத்து எலும்பும் தோலுமாக வந்தார்கள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது.

ஓடி_விசைப்படகு | சனி மாலை 4.30

இளைத்தார்கள், ஆனால் உயிரோடு வந்தார்கள் இல்லையா அக்கா?

முத்தியால்பேட்டை_டயட் | சனி மாலை 4.33

60 நாளுக்குச் சாப்பாடு இல்லாமல் எண்ணெயை மட்டும் குடித்துப் பாருங்கள் அண்ணா.

கெடிலக்கரை | சனி இரவு 8.50

இரண்டு கட்சியும் என் மேசையில் இடம் பிடித்தாயிற்று. பெமிகன் என்றால் பிள்ளைகள் கேட்பார்கள். காய்ந்த இறைச்சிப் பொடியும் கொழுப்பும் என்று படித்தேன். நம்ம உப்புக்கண்டத்தை இடித்துக் கொழுப்பில் கலந்தால் அதுதானே? அப்புறம் கருவாடு. முதுநகர் கருவாட்டுக் கடையில் வஞ்சிரம் சொல்லி வைத்துவிட்டேன். அதையாவது விட்டுவையுங்கள்.

ஓடி_விசைப்படகு | சனி இரவு 9.14

கருவாட்டில் கை வைக்க எனக்கே மனசு வரவில்லை. ஆனால் உப்பு. உப்பு தாகம் தரும், தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்கு எண்ணெய். ஊறுகாயும் அதே கேஸ்தான். உப்பில்லாமல் காயப்போட்ட மீன் என்றால் சரி. அந்தச் சின்ன நெத்திலியை உப்புப் போடாமல் மணலிலேயே காயவைப்பார்களே, அது பரவாயில்லை. கழுவித்தான் கொடுக்கணும், மணல் கடிக்கும்.

பழைய_பேப்பர் | சனி இரவு 9.55

உப்பு வேண்டாம் என்றால் உப்புக்கண்டமும் அடிபடும். பெமிகன் வட அமெரிக்கப் பழங்குடிகளின் உணவு. இறைச்சியை உப்பில்லாமல் மெல்லிய வாராக வெட்டிக் காயவைத்து, பொடித்து, உருக்கிய கொழுப்பை ஊற்றிப் பிசைந்து கட்டியாக்குவார்கள். துருவக்காரர்கள் அதை வெந்நீரில் கரைத்து, பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு, கூழாகக் குடித்தார்கள். அதற்கு ‘ஹூஷ்’ என்று பெயர். அமுண்ட்சன் தன் பெமிகனில் ஓட்ஸும் பட்டாணியும் சேர்க்கச் செய்தார்.

கருவாட்டுப் பிரியர்களுக்கு ஒரு ஆறுதல். அமுண்ட்சன் 1911 பிப்ரவரியில் முதல் கிடங்கு வைக்கப் போனபோது வழி அடையாளத்துக்குக் கொண்டுபோன கொடிகள் போதவில்லை. நாய்களுக்காக எடுத்துச் சென்ற காய்ந்த மீனை எடுத்துப் பனியில் வரிசையாக நட்டு வைத்தார்கள். வெள்ளைப் பரப்பில் கருப்பாக நிற்கும் மீன் தூரத்திலிருந்தே தெரியும், திரும்பும்போது நாய்க்குத் தீனியும் ஆகும்.

பண்ருட்டி_தோப்பு | சனி இரவு 10.01

கருவாட்டை மைல்கல்லாக நட்டவன் எப்படித் தோற்பான்.

வில்லியனூர்_வெயில் | சனி இரவு 10.20

அந்த நாய்கள் என்ன ஆயின?

பழைய_பேப்பர் | சனி இரவு 10.41

52 நாய்களோடு கிளம்பி 11 நாய்களோடு திரும்பினார். பீடபூமியின்மேல் ஏறியதும் ஒரே இடத்தில் 24 நாய்களைச் சுட்டார்கள். மற்ற நாய்களும் மனிதர்களும் அந்த இறைச்சியைத் தின்றார்கள். திட்டம் போட்டே செய்தது. சுமையை இழுத்து வந்த விலங்கு கடைசியில் உணவாகும் என்று கணக்கு எழுதித்தான் கிளம்பினார்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு காலை 8.00

நாய்களைக் கொன்றது சரியா என்று சண்டை போட்ட 14 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். 1994 ஏப்ரல் முதல் அண்டார்க்டிகாவில் நாய்க்கு அனுமதி இல்லை, ஆகவே டீச்சரின் மூட்டைக்கு அந்த விவாதம் தேவைப்படாது. உணவு, எரிபொருள், தளவாடம் பற்றி மட்டும் இங்கே எழுதவும்.

முத்தியால்பேட்டை_டயட் | ஞாயிறு காலை 11.12

கொழுப்பு எவ்வளவு, மாவு எவ்வளவு என்பதை ஸ்காட்டின் ஆட்களே சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் மிகக் கொடுமையான ஒரு பயணத்தில். 1911 ஜூன் கடைசியில், சூரியனே எழாத குளிர்காலத்தில், வில்சன், பவர்ஸ், செர்ரி-கெரார்ட் மூவரும் எம்பரர் பென்குவின் முட்டை எடுக்க கேப் குரோசியருக்குப் போனார்கள். குளிர் −60 வரை போனது. பெமிகன், பிஸ்கட், வெண்ணெய், டீ, இவ்வளவுதான் உணவு. வில்சன் வெண்ணெய் அதிகம், பவர்ஸ் பெமிகன் அதிகம், செர்ரி-கெரார்ட் பிஸ்கட் அதிகம் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

என்ன ஆயிற்று? வில்சனால் தன் வெண்ணெயை முழுதும் தின்ன முடியவில்லை. பிஸ்கட்காரர் பசியாலும் நெஞ்செரிச்சலாலும் தவித்து, கொழுப்புக்கு ஏங்கினார். கடைசியில் பிஸ்கட்டையும் வெண்ணெயையும் மாற்றிக்கொண்டு ஒரு நடுவழிக்கு வந்தார்கள். இதிலிருந்து என் கட்சிக்கும் ஒரு அடி விழுகிறது: கிராமுக்கு 9 என்று சொல்லி நெய்யாகவே ஏற்றிவிட முடியாது. பழகாத வயிறு ஏற்காது. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பிருந்தே கொழுப்பைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

கெடிலக்கரை | ஞாயிறு மாலை 5.30

வைட்டமின்? எலுமிச்சை ஊறுகாய் போய்விட்டதே. ஸ்கர்வி வராதா?

முத்தியால்பேட்டை_டயட் | ஞாயிறு மாலை 6.18

வைட்டமின் சி சுத்தமாக நின்றால் இரண்டு மூன்று மாதத்தில் ஈறு வீங்கும், பழைய காயம் திறக்கும், காலில் கறுப்பு படரும். 1902-03இல் ஸ்காட், ஷேக்கல்டன், வில்சன் மூவருக்கும் அது வந்தது. அமுண்ட்சன் ஆட்களுக்கு வராததற்கு, குளிர்காலம் முழுக்க முகாமில் சீல் என்ற கடல் விலங்கின் இறைச்சியைப் புதுசாக, அதிகம் வேகவைக்காமல் தின்றது முக்கியக் காரணம். இன்று அந்த விலங்கைத் தொட முடியாது, விதி தடுக்கிறது.

நெல்லிக்காயில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி. பிள்ளைகளுக்குக் காட்ட நெல்லி வற்றல் வையுங்கள். மூட்டைக்குள் மாத்திரை போடுங்கள், 60 மாத்திரை உள்ளங்கையில் அடங்கும். வெயிலில் காயும் வற்றலில் எவ்வளவு மிஞ்சும் என்று நம்பி உயிரை வைக்கக் கூடாது.

அதிகமானாலும் ஆபத்து என்பதற்கு ஒரு கதை. 1912 டிசம்பர் 14 அன்று அண்டார்க்டிகாவில் ஆஸ்திரேலியப் பயணி டக்ளஸ் மாசனின் குழுவில் நின்னிஸ் என்பவர் பனிப்பிளவில் விழுந்தார். நல்ல நாய்கள், கூடாரம், பெரும்பாலான உணவு எல்லாம் அவரோடு போயின. உணவை ஒரே வண்டியில் வைத்ததன் விலை அது. மாசனும் கூட இருந்த மெர்ட்சும் மிஞ்சிய நாய்களைத் தின்றபடி திரும்பினார்கள். மென்மையாக இருக்கிறது என்று ஈரலை விரும்பித் தின்றார்கள். மெர்ட்சின் தோல் உரிந்தது, புத்தி தடுமாறியது, ஜனவரியில் இறந்தார். ஈரலில் இருந்த மிதமிஞ்சிய வைட்டமின் ஏ நஞ்சானது என்பது பலரும் ஏற்கும் விளக்கம், வெறும் பட்டினியே போதும் என்று மறுப்பவர்களும் உண்டு. டீச்சர், நாலு பேரின் உணவும் எண்ணெயும் நாலு வண்டியிலும் கலந்து இருக்கட்டும்.

லாஸ்பேட்டை_பிளம்பிங் | புதுச்சேரி | ஞாயிறு இரவு 9.47

நடக்கிறவர்களை மட்டும் பேசுகிறீர்கள், நம்ம ஆட்கள் அங்கே வருஷம் முழுக்க இருக்கிறார்கள். இந்தியாவின் முதல் குழு 1982 ஜனவரி 9 அன்று இறங்கியது. இப்போது மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையம். கோடையில் கப்பல் வந்து போனால் அடுத்த கோடை வரை அதே சரக்குதான். மைத்ரிக்குப் பக்கத்தில் பிரியதர்ஷினி ஏரி இருப்பதால் தண்ணீருக்கு அதிலிருந்து குழாய். அந்தக் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில்காரன் கண்ணுக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது. குப்பையை முடிந்தவரை திருப்பி எடுத்து வரவேண்டும் என்பது 1991 சுற்றுச்சூழல் உடன்பாடு.

அப்புறம் தானே புயலை இங்கே யாரும் சொல்லவில்லையே. 2011 டிசம்பர் 30. எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அரிசி இருந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தண்ணீருக்குத்தான் அலைந்தோம். எண்ணெய்க் கட்சிக்கு என் ஓட்டு.

பண்ருட்டி_தோப்பு | ஞாயிறு இரவு 9.58

தானே பேச்சு வேண்டாம் அண்ணா. விழுந்த முந்திரியும் பலாவும் எங்கள் அப்பா வைத்த மரங்கள்.

முத்தியால்பேட்டை_டயட் | திங்கள் இரவு 8.20

ஒரு ஆள், ஒரு நாள். சமையல் வேலை வெந்நீர் ஊற்றுவதோடு முடியும்படி போட்டிருக்கிறேன்.

நெய் 130 கிராம், முந்திரியும் வேர்க்கடலையும் சேர்ந்து 200, அவலும் சத்துமாவும் 250, கடலை மிட்டாய் 150, சாக்லேட் 100, கொழுப்புள்ள பால் பவுடர் 100, நாட்டுச்சர்க்கரை 80, உப்பில்லாமல் காய்ந்த இறைச்சிப் பொடி அல்லது நெத்திலிப் பொடி 80. மொத்தம் 1,090 கிராம், ஏறக்குறைய 5,600 கிலோ கலோரி. 60 நாளைக்கு 65 கிலோ சொச்சம். பருப்புப் பொடி, மிளகு, டீத்தூள், புளிக்காய்ச்சல் கொஞ்சம், இவை வாய்க்கு. நாற்பதாவது நாள் நாக்கு செத்துப்போனால் கலோரி மூட்டையிலேயே கிடக்கும், அதனால் புளிக்காய்ச்சலை மட்டும் உப்பைக் குறைத்து அனுமதிக்கிறேன்.

பொரி, முறுக்கு வேண்டாம். எடை குறைவு, ஆனால் வண்டி முழுக்க அடைத்துக்கொள்ளும்.

பழைய_பேப்பர் | திங்கள் இரவு 9.05

பிரமாதம். ஒரு திருத்தம். கடலை மிட்டாய் −30இல் செங்கல் ஆகிவிடும், பல் போகும். இங்கேயே சுண்டுவிரல் நுனி அளவுக்கு உடைத்துப் போடுங்கள். நெய்யையும் இங்கேயே வேளைக்கு ஒன்றாக வார்த்து வெட்டிக்கொள்ள வேண்டும். கையுறையோடு டப்பாவைத் திறந்து கரண்டியால் சுரண்டுவது நடக்காது. கரண்டி மரம் அல்லது பிளாஸ்டிக். உலோகம் உதட்டில் ஒட்டும்.

சமையல் பாத்திரத்துக்கு நார்வேத் துருவப் பயணி நான்சென் முறையைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு பாத்திரம், அதைச் சுற்றி வளையமாக இன்னொன்று, மேலே ஒன்று, எல்லாவற்றையும் மூடி ஒரு உறை. நடுவில் கூழ் கொதிக்கும்போது தப்பி மேலே போகிற சூடு, வளையத்திலும் மேல் பாத்திரத்திலும் இருக்கும் பனியை உருக்கிவிட்டுத்தான் வெளியேறும். தம்பி போட்ட ‘பாதி சூடு நஷ்டம்’ கணக்கு இதில் வெகுவாகக் குறையும்.

கூடாரத்துக்குள் அடுப்பு எரியும்போது காற்று வர வழி விட வேண்டும். 1934இல் ரிச்சர்ட் பேர்ட் என்ற அமெரிக்க அட்மிரல் தனியாகக் குளிர்காலம் கழித்தபோது அடுப்புப் புகையின் கார்பன் மோனாக்சைடு அவரைக் கிட்டத்தட்டக் கொன்றது.

கெடிலக்கரை | திங்கள் இரவு 10.10

நன்றி. மற்ற சாமான்களை இப்படி வைத்திருக்கிறேன்: கூடாரம், தூக்கப்பை, அதற்குள் வியர்வை உறைந்து கனக்காமல் இருக்க ஒரு நீராவி புகாத உறை, அடுப்பு இரண்டு, மாற்று வாஷர், ஸ்டவ் பின், மூன்று இடத்தில் பிரித்து வைத்த தீப்பெட்டி, கருப்புக் கண்ணாடி இரண்டு ஜோடி, ஊசி நூல், சாட்டிலைட் போன், மருந்துப்பை. ஆளுக்கு 100 கிலோவைக் கொஞ்சம் தாண்டுகிறது. 2022 ஜனவரி 3 அன்று துருவத்தைத் தொட்ட பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பிரீத் சாண்டி தனியாக 40 நாளில் முடித்தார், அவர் இழுத்தது சுமார் 90 கிலோ. 60 நாளுக்கு என் கணக்கு பொருந்துகிறது.

ஒரு சிக்கல். டிசம்பரானாலும் கடலூரில் நெய் வில்லைகள் சாயங்காலத்துக்குள் இளகிவிடும். மேசையில் மெழுகில் செய்து வைக்கட்டுமா?

முத்தியால்பேட்டை_டயட் | திங்கள் இரவு 10.22

மெழுகு வையுங்கள், மேலே ‘இது மெழுகு’ என்று எழுதுங்கள். ஒரு பையனாவது வாயில் போடுவான்.

பண்ருட்டி_தோப்பு | திங்கள் இரவு 10.30

முந்திரி என் பொறுப்பு. 60 நாளுக்கு ஒரு ஆளுக்கு 6 கிலோ, சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். முழுப்பருப்பு தரமாட்டேன், உடைசல்தான். எப்படியும் உடைத்துத்தானே தின்னப் போகிறார்கள்.

ஓடி_விசைப்படகு | திங்கள் இரவு 11.48

பம்ப் ஸ்டவ், பழைய வாஷர் ஒன்று, புது வாஷர் ஒன்று, 15 லிட்டர் கேன் எல்லாம் நான் கொண்டு வருகிறேன். கேனில் தண்ணீர்தான் இருக்கும், பிள்ளைகள் தூக்கிப் பார்க்கட்டும். தண்ணீர் 15 கிலோ, எண்ணெய் 12, அதனால் 12 லிட்டர் மட்டும் ஊற்றுகிறேன். ஸ்டவ்வை ஹாலுக்குள் பற்றவைக்க வேண்டாம், வராந்தாவில் காற்றுக்கு மறைப்பு கட்டிப் பற்றவைத்துக் காட்டுகிறேன். ஓ.டி. ஐஸ் கம்பெனியில் ஒரு கட்டி சொல்லியிருக்கிறேன். ஒரு கிலோ உடைத்து, உருகிக் கொதிக்க எத்தனை மி.லி. மண்ணெண்ணெய் ஆகிறது என்று அவர்கள் முன்னாலேயே அளந்துவிடலாம். ஐயா, அந்த நான்சென் பாத்திரத்துக்கு அளவு தெரிந்தால் எழுதுங்கள், தகரக் கடையில் வெட்டச் சொல்கிறேன்.

பழைய_பேப்பர் | செவ்வாய் காலை 6.05

அளவைத் தேட வேண்டாம். இரண்டு லிட்டர் தூக்குவாளி நடுவில், அதைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டு வளையம். வளையத்தின் அடியைத் தகரக் கடையில் பற்றவைக்கச் சொல்லுங்கள், வாளிக்கும் வளையத்துக்கும் நடுவே புகை ஏற ஒரு விரல் சந்து இருக்கட்டும். நானும் கடைக்கு வருகிறேன், பத்து மணிக்கு மேல்.